நான் சொல்லாமல் விட்ட மூண்டாவது இளவரசி

மயூரன்,

நீ தமிழை மெதுவாத்தான் வாசிப்பாய் எண்டு எனக்குத் தெரியும். சனிக்கிழமை சனிக்கிழமை அழுதுகொண்டு தமிழ்ப் பள்ளிக்கூடம் போன பிள்ளை நீ. உன்ர அண்ணன் நிரூபன் காரின்ர பின்சீற்றில உனக்குப் பக்கத்தில இருந்து, வீட்டுப்பாடத்தை அவசரம் அவசரமாச் சொல்லித் தருவான். மெதுவா வாசிக்கிறது இண்டைக்கு நல்லதுக்குத்தான். நான் வாயால சொன்னால் நீ ‘ஓகே அம்மா, ஓகே அம்மா’ எண்டுபோட்டு மாடிக்குப் போயிடுவாய். அவன் போனதில இருந்து உன்ர வாயில வேற சொல்லே வாறேல்லை.

இதை உனக்கு மட்டும் அனுப்பேல்லை. எங்கட குடும்ப வட்ஸ்அப் குரூப்பிலயும் போடப்போறன். தர்சினியின்ர சித்தப்பா ஆக்கள், லண்டன் மற்றப் பக்கம் செவன் கிங்ஸில இருக்கிறவை, அவையும் அதில இருக்கினம் எண்டு தெரிஞ்சுகொண்டுதான் போடுறன். வீட்டு விசயத்தை ஊருக்குச் சொல்லுறதே எண்டு அப்பா பாய்வார். பாயட்டும். நான் அந்த ராசா வீட்டுக் கதையளை எல்லாருக்கும் முன்னாலதான் சொன்னனான். சொல்லாமல் விட்ட மிச்சத்தையும் எல்லாருக்கும் முன்னாலதான் சொல்லவேணும்.

விசயம் உனக்குத் தெரியும், எண்டாலும் ஒருக்கா எழுத்தில பார். தர்சினி உன்ர அண்ணன் கட்ட இருந்த பிள்ளை. யாழ்ப்பாணத்தில இருந்து கலியாணம் கட்ட எண்டு விசா எடுத்து வந்து, செவன் கிங்ஸில சித்தப்பா வீட்டில நிக்கிறாள். கலியாணத்துக்கு முதலே என்ர பிள்ளை செத்துப்போனான். வாற ஞாயிற்றுக்கிழமை அவளின்ர சித்தப்பா ஆக்கள் எங்கட டூட்டிங் வீட்டுக்கு வருகினம். அண்ணனுக்கு எண்டு வந்தவளை நீ கட்டுறியோ எண்டு உன்னட்டை முறையாக் கேக்கப்போகினம். நீ ஓகே எண்டு சொல்லப்போறாய். சொல்லாதை ராசா. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுறன்.

அம்மா அரண்மனையில வேலை செய்யிறா எண்டு நீங்கள் ரெண்டு பேரும் சின்னனில பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிஞ்சனீங்கள். சனம் டிக்கெட் எடுத்துப் பார்க்க வாற பழைய அரண்மனை அது, என்ன பெரிய வேலை! சாம்பல் கலர் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு அறையில நிண்டு, தொடாதேங்கோ, உள்ளுக்க சாப்பிடாதேங்கோ, டொய்லெட் அங்கால எண்டு நாள் முழுக்கச் சொல்லுறது. ஆனால் என்ர அறைச் சுவரில பெரிய வம்சப் படம் ஒண்டு இருக்கு. பழைய டியூடர் ராச வம்சத்தில தொடங்கி இப்பத்தைய ஆக்கள் மட்டும், ஆர் ஆரைக் கட்டினவை, ஆருக்கு ஆர் பிள்ளை எண்டு கோடு கோடாக் கீறினது. வாற சனத்துக்கு அதைப் பார்க்கத் தலையிடி. எனக்கு அது எங்கட ஊர்க் கலியாணவீட்டு மூலையில கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கிற மாதிரி. அவ ஆற்றை பெறாமகள், இவர் அவவுக்கு என்ன முறை, அந்தப் பகுதியும் இந்தப் பகுதியும் ஏன் கதைக்கிறேல்லை எண்டு எல்லாம் அதில இருக்கு. ஹப்ஸ்பர்க் ராச வம்சத்து ஆக்கள் நாடு வெளியில போயிடும் எண்டு மாமனும் மருமகளுமாக் கட்டிக் கட்டி, கடைசியில ஸ்பெயினில பிள்ளையே இல்லாமல் முடிஞ்சதை நான் ஒரு பக்கத்து வீட்டுக்காரியின்ர கதை மாதிரித்தான் சொல்லுவன். பேர் எழுதமாட்டன், நீ குழம்பிப்போவாய். அந்த ஆக்கள் ஒரே நாலைஞ்சு பெயரைத்தான் திரும்பத் திரும்பப் பிள்ளையளுக்கு வைச்சு, பிறகு இலக்கம் போட்டு எண்ணுறவை.

டென்மார்க்கில இருக்கேக்கயே எனக்கு இந்த விசர் பிடிச்சிட்டுது. நீங்கள் ரெண்டு பேரும் பிறந்த அந்தக் குளிர் ஊரில, எங்களுக்கு மொழி படிப்பிச்ச மனிசி அந்த நாட்டுப் பழைய ராசா ஒருத்தரைப் பற்றிச் சொன்னவ. ஒரு மகளை இங்கிலாந்துக்கும் இன்னொரு மகளை ரஷ்யாவுக்கும் கட்டிக் குடுத்த மனிசன், ஐரோப்பாவின்ர மாமனார் எண்டுதான் அவரைச் சொல்லுறவையாம். அட, இந்தாள் எங்கட ஆளெல்லோ எண்டு நினைச்சன். அதில இருந்துதான் தேடித் தேடி வாசிக்கத் தொடங்கினது. லண்டனுக்கு வந்த பிறகு நான் சாப்பாட்டு மேசையில இதுகளைச் சொன்னால் நிரூபன் பகிடி பண்ணுவான். ‘எங்களுக்குச் சொந்தமே இல்லாத ஆக்களின்ர செத்தவீட்டுக்கு ஏனம்மா அழுறீங்கள்?’ எண்டு கேப்பான். நீ முள்ளுக்கரண்டியைக் கீழ வைச்சுப்போட்டு, ‘பிறகென்ன நடந்தது?’ எண்டு கேப்பாய். எப்பவும் மிச்சக்கதை கேட்ட பிள்ளை நீதான்.

பொன்னுருக்கல் அண்டு எங்கட வீட்டில இருந்த சந்தோசம் உனக்கு மறந்திருக்காது. தாலிக்குத் தங்கம் உருக்க எண்டு தட்டார் சின்ன அடுப்போட வந்து இருக்க, நீ கதிரையில ஏறி ஸ்மோக் அலாரத்துக்குக் குளிக்கிற தொப்பியைப் போட்டு மூடினாய். அப்பிடியும் அது கத்தத் தொடங்கிட்டுது. நிரூபன் பட்டு வேட்டியோட ஓடிப்போய்த் துவாயால விசுக்கினான். பிறகு உருகின தங்கத்தைத் தட்டில வைச்சு எல்லாருக்கும் காட்டினம். ‘சரி, இனிப் பொம்பிளையும் மாப்பிளையும் தாலி கட்டுமட்டும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கக்கூடாது’ எண்டு நான்தான் சத்தமாச் சொன்னன். எங்கட வழக்கம்தானே, எல்லா வீட்டிலயும் சொல்லுறது. எல்லாரும் சிரிச்சினம். தர்சினி போனில நிண்டவள், அவளும் சிரிச்சாள்.

அடுத்த கிழமை அவனுக்குக் காய்ச்சல். சளிக்காய்ச்சல்தானே எண்டு மல்லி அவிச்சுக் குடுத்தன், பனடோல் குடுத்தன். அவனும் ஒண்டுமில்லையம்மா எண்டுதான் சொல்லிக்கொண்டு கிடந்தான். தர்சினி எனக்குப் போன் எடுத்தாள். ‘மாமி, குரல் சரியில்லை. நான் ஒருக்கா வந்து பார்த்திட்டு உடன போயிடுறன்’ எண்டாள். நான் என்ன சொன்னன் தெரியுமோ? ‘பொன்னுருக்கின பிறகு வரக்கூடாது பிள்ளை. இந்தக் காய்ச்சல் மாறிடும். மணவறையில வடிவாப் பார்க்கலாம்’ எண்டன். ‘ஓம் மாமி’ எண்டுபோட்டு அவள் போனை வைச்சாள். பேந்து அது நுரையீரலில இறங்கி, மூச்செடுக்க ஏலாமல், ஆஸ்பத்திரியில குழாயைப் போட்டு அவனை நித்திரையாக்கிப்போட்டினம். அந்த நித்திரையில இருந்து என்ர பிள்ளை எழும்பவே இல்லை. அதுக்குப் பிறகுதான் நான் அவளை வரவிட்டன். கண் மூடிக் கிடந்த ஒருத்தனைத்தான் அவள் வந்து பார்த்தது. செவன் கிங்ஸில இருந்து எங்கட வீட்டுக்கு ரயில் மாறி வர ஒரு மணித்தியாலப் பயணம். அந்தப் பயணத்தை மறிச்சு வைச்சவள் நான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிஞ்சு சாப்பாடு நடக்கேக்க, எல்லாரும் தர்சினியைப் பற்றித்தான் குசுகுசுத்துக்கொண்டு இருந்தினம். பாவம், இனி அந்தப் பெட்டை என்ன செய்யும், திரும்பிப் போனால் ஊர்ச்சனம் சும்மா விடுமோ எண்டு. எனக்குத் தலை ஒரு நிலையில இல்லை. ஒரு முப்பத்தொரு நாள் நான் சுவரோட கதைச்சவள். கதைக்க ஆள் கிடைச்ச உடன என்ர வாய் சும்மா கிடக்காமல் கதை சொல்லத் தொடங்கிட்டுது.

ரெண்டு கதை சொன்னன். முதலாவது, அந்த டென்மார்க் ராசாவின்ர ரெண்டாம் மகள். ரஷ்யாவில ரோமனோவ் வீட்டு மூத்த இளவரசனுக்குப் பேசி வைச்ச பிள்ளை. கலியாணத்துக்கு முதல் அவனுக்கு வருத்தம் முத்தி, பிரான்சில கடற்கரை ஊர் ஒண்டில படுக்கையில விழுந்திட்டான். இவள் தாயோட ஐரோப்பாவைக் குறுக்கால கடந்து போய் அவனுக்குப் பக்கத்தில இருந்தவள். சாகமுதல் அவன் இவளின்ர கையையும் தன்ர தம்பியின்ர கையையும் சேர்த்துப் பிடிச்சவன் எண்டு ஒரு கதை. அடுத்த வருசம் தம்பி அவளைக் கட்டினான். ரெண்டாவது, அவளின்ர அக்கா, இங்கிலாந்துக்கு வாழ்க்கைப்பட்டவ. அந்த அக்காவின்ர மூத்த மகன் பொம்பிளை நிச்சயிச்சுக் கொஞ்ச நாளில காய்ச்சல் வந்து, அது நுரையீரலில இறங்கிச் செத்துப்போனான். அந்தப் பொம்பிளையையும் பேந்து தம்பிதான் கட்டினது. அவை ரெண்டு பேரும் இந்த நாட்டுக்கே ராசாவும் ராணியுமா இருந்தவை. நான் பொய் சொல்லேல்லை. ரெண்டு சோடியும் நல்லாத்தான் வாழ்ந்தவை.

நான் அதைச் சொன்னது அந்த இங்கிலாந்துத் தாயைப் பற்றிச் சொல்லத்தான். செத்த மகன்ர அறையை அவ அவன் விட்ட மாதிரியே வைச்சிருந்தவ. மேல நிரூபன்ர அறையை நானும் திறக்க விடேல்லை எல்லே, அதுக்காகத்தான் வாய் எடுத்தனான். ஆனால் கேட்ட ஆக்களுக்குத் தாய் தேவைப்படேல்லை. தர்சினியின்ர சித்தப்பா சாப்பாட்டுக் கோப்பையைக் கீழ வைச்சுப்போட்டு, ‘அப்ப அரச குடும்பத்திலயே செய்திருக்கினம், என்ன?’ எண்டார். அப்பா உன்னைப் பார்த்தார். பிறகு எல்லாரும் உன்னைப் பார்த்தினம். நீ தண்ணி ஜக்கோட நிண்டுகொண்டிருந்தாய்.

ஐயோ நான் அப்பிடிச் சொல்லேல்லை எண்டு அந்த இடத்தில நான் சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை. எனக்கும் அது இனிச்சது, மயூரன். அவள் மருமகளா இந்த வீட்டுக்க வருவாள், செய்து வைச்ச தாலி வீணாப் போகாது, மணவறையில என்ர பிள்ளை தலைப்பாகையோட இருப்பான். என்ர பிள்ளை எண்டுதான் நினைச்சன். எந்தப் பிள்ளை எண்டு யோசிக்கேல்லை. உண்மையைச் சொல்லுறன், கண்ணை மூடிப் பார்த்தால் மணவறையில இருந்தது நிரூபன்தான். நீ அந்தப் படத்தில எங்கயும் இல்லை.

பிறகு எல்லாம் கெதி கெதியா நடந்தது. ஒருத்தர் செத்தால் வருசம் திரும்புமட்டும் அந்த வீட்டில நல்ல காரியம் செய்யக்கூடாது எண்டுறது எங்கட ஆக்களின்ர சட்டம். அந்தச் சட்டத்துக்கும் வழி கண்டுபிடிச்சிட்டினம். விசா முடியமுதல் பதிவுக் கலியாண எழுத்தை மட்டும் முடிப்பமாம், தாலி வருசம் திரும்பினாப்போல கட்டலாமாம். ஐயரும் சரி எண்டவராம். லோயரும் ஏதோ வழி இருக்கு எண்டவராம். கலியாண மண்டபத்து ஹோல்காரரும் திகதியை மாத்தித் தருவாராம். எனக்கு அதைக் கேக்க விசர் பிடிச்சது. செத்தவீட்டுச் சட்டத்தை வளைக்க ஏலும் எண்டால், காய்ச்சலில கிடந்தவனைப் பார்க்க ஒரு பிள்ளையை விடுறதுக்கு நான் ஏன் வளையேல்லை? அப்ப ஒருத்தரும் ஐயரைக் கேக்கேல்லையே. நானும் கேக்கேல்லையே.

நீ மாறின மாதிரியும் எனக்குத் தெரியாமல் இல்லை. முதல் அவன்ர காரை எடுத்தாய், சரி, கார் சும்மா நிக்குது எண்டு. பிறகு அவன்ர கறுத்த ஜக்கெட். பிறகு மேசையில அவன்ர கதிரை. அப்பாவைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போறது, என்னை வேலையால ஏத்த வாறது, எல்லாம் அவன் செய்த நேரத்துக்கு அவன் செய்த மாதிரி. கிளாஸ்கோவில கிடைச்ச வேலையை வேண்டாம் எண்டு எழுதிப்போட்டு, அதை எனக்குச் சொல்லவும் இல்லை. நீ அந்த வேலைக்கு எவ்வளவு ஆசைப்பட்டனீ எண்டு எனக்குத் தெரியும். இன்டர்வியூவுக்கு எண்டு என்னை நாலு சேட்டு ஸ்திரி போடப் பண்ணினவன் நீ. இந்த நாட்டில ராசா செத்தால், அந்த நிமிசமே அடுத்தவர் ராசா. ராசா செத்தார், ராசா வாழ்க எண்டு ஒரே மூச்சில சொல்லுறதுதான் அவையின்ர வழக்கம், கதிரை ஒரு கணமும் வெறுமையா இருக்கக்கூடாதாம். அது சிம்மாசனம். எங்கட வீட்டில கிடக்கிறது டூட்டிங் தளபாடக் கடையில வாங்கின ஆறு கதிரை. அதில ஒண்டு வெறுமையாக் கிடந்தால் ஒரு நாடும் கவிழாது.

இப்ப மிச்சக்கதை. நான் சொன்ன ரஷ்யக் கதையில அந்தத் தம்பிக்கு வேற ஒரு பிள்ளையில விருப்பம் இருந்தது. அவளைக் கட்ட ஏலுமெண்டால் ராச்சியமே வேண்டாம் எண்டவன். தகப்பன் விடேல்லை. அதை நான் அந்தியேட்டிச் சாப்பாட்டில சொல்லேல்லை. கையைச் சேர்த்து வைச்சது சொல்ல வடிவா இருந்தது, அதோட நிப்பாட்டிப்போட்டன்.

மூண்டாவது இளவரசியை வாயே திறக்கேல்லை. அவள் என்ர சுவரிலயே இருக்கிறாள். வம்சப் படத்தில அவளின்ர பேரில இருந்து ரெண்டு பக்கமும் கோடு போகுது, அண்ணனுக்கு ஒண்டு, தம்பிக்கு ஒண்டு. வாற பள்ளிக்கூடப் பிள்ளையள் அதைத்தான் முதல் காட்டிக் கேக்குங்கள், ஏன் இவவுக்கு மட்டும் ரெண்டு கோடு எண்டு. ஸ்பெயினில இருந்து கப்பலில வந்த பிள்ளை. டியூடர் வீட்டு மூத்தவனை இந்த லண்டனிலதான் கட்டினவள். அரை வருசமும் ஆகேல்லை, வருத்தத்தில அவன் செத்துப்போனான். திருப்பி அனுப்பினால் சீதனத்தைத் திருப்பிக் குடுக்கவேணும் எண்டு மாமனார் அவளை விடேல்லை. மிச்சச் சீதனம் தா, தரமாட்டன் எண்டு ரெண்டு தகப்பன்மாரும் சண்டை. நடுவில ஒருக்கா, பெண்சாதி செத்துப்போக, தானே கட்டலாமோ எண்டும் மாமனார் யோசிச்சவராம், கோதாரி விழுந்த மனிசன்! ஏழு வருசம் அவள் இந்த ஊரில பெண்சாதியும் இல்லை, விதவையும் இல்லை, ஒரு வீட்டுப் பிள்ளையும் இல்லை. வேலைக்காரருக்குச் சம்பளம் குடுக்கத் தன்ர வெள்ளிப் பாத்திரங்களை வித்தவள். பிறகு தம்பி ராசாவாகி அவளைக் கட்டினான். ஆசையாத்தான் கட்டினவன்.

கிட்டத்தட்ட இருபது வருசம் வாழ்ந்தினம். பிள்ளையள் பிறந்து பிறந்து செத்து, ஒரு பெட்டை மட்டும் மிஞ்சினது. அதுக்குப் பிறகு அந்தத் தம்பி என்ன சொன்னான் தெரியுமோ? நீ என்ர அண்ணன்ர பெண்சாதி எண்டான். அண்ணன்ர பெண்சாதியைக் கட்டினது பாவம், அதுதான் கடவுள் எனக்கு ஆம்பிளைப்பிள்ளை தரேல்லை எண்டு சபை கூட்டினான். அவள் சபைக்கு நடுவில எல்லாருக்கும் முன்னால முழங்காலில நிண்டு கேட்டவள், நான் உனக்கு என்ன குறை வைச்சன் எண்டு. பிறகு ஒருத்தரும் பார்க்க வராத ஈரமான வீடுகளில அவளை வைச்சான், அவள் அங்கயே செத்துப்போனாள். அவன் கெட்டவன், நீ அப்பிடி இல்லை எண்டு சொல்லுவாய். நீ அப்பிடி இல்லைத்தான். ஆனால் வீட்டுக்க ஒரு சண்டை வரும், ஒரு நட்டம் வரும், ஒரு பிள்ளைக்கு வருத்தம் வரும். அப்ப அண்ணன்ர பெண்சாதி எண்ட அந்தச் சொல் உன்ர வாயால வராட்டிலும் உன்ர மனசில வரும். அவளின்ர மனசிலயும் வரும். கட்டினவை செத்தவனையும் சேர்த்துத்தான் கட்டினவை.

போன கிழமை தர்சினி என்ர வேலையிடத்துக்கு வந்தவள். நான்தான் வரச் சொன்னனான். என்ர பிரேக் நேரத்தில தோட்டத்தில கிடந்த மர வாங்கில குந்தி, நான் கொண்டுபோன புட்டைப் பிரிச்சு ரெண்டு பேரும் சாப்பிட்டம். அவள் நல்லா மெலிஞ்சு போனாள். ‘பிள்ளை, உனக்கு மயூரனைப் பிடிச்சிருக்கோ?’ எண்டு கேட்டன்.

‘அவர் நல்லவர் மாமி.’

‘நான் அதைக் கேக்கேல்லை.’

அவள் கொஞ்சப் புட்டைக் கிள்ளிக் குளத்து வாத்துகளுக்குப் போட்டாள். பிறகு சொன்னாள்: ‘நான் நிரூபனைப் போனிலதான் மாமி பழகினது. இஞ்ச வந்த பிறகும் நேரில கண்டது கொஞ்சம்தானே. எனக்கு அவர் எண்டால் அந்தக் குரல்தான். மயூரன்ர குரலும் அதே குரல். அந்தியேட்டி அண்டு எனக்குப் பின்னால நிண்டு, தண்ணி வேணுமோ எண்டு கேட்டவர். நான் திரும்பேல்லை. திரும்பினால் வேற முகம் இருக்கும் எண்டு எனக்குத் தெரியும்.’

நான் புட்டுப் பெட்டியை மூடி வைச்சன்.

‘அப்ப ஏன் பிள்ளை ஓம் எண்டு சொன்னனீ?’

‘கண்ணை மூடிக்கொண்டெண்டாலும் அந்தக் குரலோட இருக்கலாம் எல்லே மாமி. அதுக்குத்தான்.’ பிறகு என்ர கையைப் பிடிச்சு, ‘இது பாவமோ மாமி?’ எண்டு கேட்டாள்.

‘உனக்குப் பாவமில்லை. மயூரன்தான் பாவம்’ எண்டன். அவள் அழுதாள். நான் கோட்டோட, வேலை அட்டையைக் கழுத்தில மாட்டிக்கொண்டு, அந்த வாங்கில இருந்து வாய்விட்டு அழுதன். ஒரு வெள்ளைக்கார மனிசி வந்து கண் துடைக்க ரிஷு தந்திட்டுப் போனது. இதை நான் எழுதட்டோ எண்டு தர்சினியைக் கேட்டன். ‘எழுதுங்கோ மாமி, எனக்குச் சொல்ல வாய் வராது’ எண்டாள்.

அப்ப அந்தப் பிள்ளையின்ர கதி என்ன எண்டு நீ கேப்பாய். நீ இரக்கத்திலதான் ஓகே எண்டனீ எண்டும் எனக்குத் தெரியும். அவள் ஊருக்குத் திரும்பிப் போறாள், நானும் அவளோட போறன். வேலையில லீவு கேட்டாச்சு. கலியாணம் கட்டப் போய்ச் சும்மா திரும்பி வந்தவள், ராசி இல்லாதவள், மாப்பிளையைத் திண்டவள் எண்டு சொல்லுற வாயள் அங்க காத்துக்கொண்டு இருக்கும். அவளின்ர தாய் தகப்பன் முன்னால, அயலட்டை முன்னால நிண்டு நான் சொல்லப்போறன்: இந்தப் பிள்ளை வாறன் வாறன் எண்டு கேட்டவள், நான்தான் விடேல்லை, எண்டு. அவள் வந்திருந்தால் அவன் பிழைச்சிருப்பான் எண்டு நான் சொல்லேல்லை, அது எனக்குத் தெரியாது. ஆனால் அவன் முழிச்சிருக்கேக்க அவளைக் கண்டிருப்பான். டென்மார்க்காரி நாடு நாடாக் கடந்து போய்ச் சேர்ந்தாள். என்ர மருமகளை நான் ஒரு ரயில் ஏற விடேல்லை. செவன் கிங்ஸ் ஆக்களே, இதை வாசிக்கிறீங்கள்தானே, அவளில ஒரு சொல்லும் விழக்கூடாது. விழுறதெல்லாம் என்ர தலையில விழட்டும்.

அப்பாவுக்கு நேற்றுச் சொல்லிப்போட்டன். ‘எல்லாம் கூடி வரேக்க நீ குழப்பப்போறாய்’ எண்டார். ஓம், குழப்பத்தான் போறன் எண்டன். அவர் எழும்பி மாடிக்குப் போனார். பிறகு குசினிக்க வந்து, ‘அந்தத் தாலியை என்ன செய்யிறது?’ எண்டு மட்டும் கேட்டார். அந்த மனிசனும் இவ்வளவு நாளும் அதைத்தான் நினைச்சுக்கொண்டு இருந்திருக்கு. அது நிரூபன்ர. ஒரு கழுத்துக்கும் போகாது. திரும்ப உருக்கிக் கோயிலுக்குக் குடுப்பம் எண்டு முடிவெடுத்திருக்கிறம்.

நீ ஞாயிற்றுக்கிழமை வீட்டில நிக்க வேண்டாம். உனக்குப் பதிலா நான் சொல்லுறன். கிளாஸ்கோ ஆக்களுக்கு எழுது, இன்னும் இடம் இருக்கோ எண்டு வெக்கப்படாமல் கேள். இல்லாட்டி வேற ஊருக்கு எழுது. காரை வேணுமெண்டால் கொண்டுபோ, ஜக்கெட்டை வைச்சிட்டுப் போ. உனக்குப் பிடிச்ச ஆரையாவது ஒரு நாள் கூட்டிக்கொண்டு வருவாய். அவள் உன்ர முகத்தைப் பார்த்து வாறவளா இருக்கவேணும், அவ்வளவுதான் என்ர கட்டளை. கவலை உன்னை விட்டுப் போயிடும் எண்டு நான் சொல்லமாட்டன், அது போகாது. அண்ணன் செத்தவன் எண்டதை நீ எங்க போனாலும் கொண்டுதான் திரிவாய். ஆனால் அதை நீயாக் கொண்டு திரி, அவனா மாறித் திரியாதை.

இன்னுமொண்டு சொல்லவேணும், இதைச் சொல்லத்தான் எனக்குக் கனக்கக் கஷ்டம். தர்சினி குரலைப் பற்றிச் சொல்லேக்க நான் ஏன் அப்பிடி அழுதன் தெரியுமோ? பின்னேரம் நீ வேலையால வந்து கதவைத் திறந்து ‘அம்மா’ எண்டு கூப்பிடேக்க, நான் குசினிக்க நிண்டுகொண்டே பதில் சொல்லாமல் இருப்பன். காது கேக்கேல்லையோ எண்டு நீ ரெண்டாந்தரமும் கூப்பிடுவாய். எனக்குக் காது நல்லாக் கேக்கும். நீ ரெண்டாந்தரம் கூப்பிடுமட்டும் வந்தது அவன் எண்டு நான் மனசில வைச்சிருப்பன். ஒவ்வொரு நாளும் அந்தச் சின்ன நேரத்துக்கு உன்னைச் சாகடிச்சுத்தான், மயூரன், நான் அவனை உயிரோட வைச்சிருந்தனான்.

இதை வாசிச்சிட்டு இண்டைக்கு வேலையால வீட்டுக்கு வா. வந்து வழக்கம் போலக் கதவடியில நிண்டு கூப்பிடு. உன்னை ரெண்டாந்தரம் கூப்பிட விடமாட்டன். ‘ஓம் மயூரன், இஞ்ச இருக்கிறன்’ எண்டு சொல்லுவன்.

அம்மா